மூன்று நாள் பழக்கத்தோடு ஜெர்மாட்டுக்கு ஸ்னோபோர்டு தூக்கிக்கொண்டு போகலாமா?

கேள்வி

உள்ளரங்கச் சரிவு ஒன்றில் மூன்று நாள் ஸ்னோபோர்டு, அதாவது இரண்டு காலையும் ஒரே பலகையில் பக்கவாட்டாகக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்குவது, பழகியிருக்கிறேன். குதிகால் பக்கம், விரல் பக்கம் இரண்டு விளிம்பிலும் நிற்க வரும். திருப்பம் பாதி வரும், பாதி வராது. மார்ச்சில் ஆறு நாள் சுவிட்சர்லாந்தில் ஜெர்மாட் போகிறோம். மனைவி நன்றாக ஸ்கீ செய்வார். கூட வரும் நண்பர் இருபது வருட ஸ்கீக்காரர். அவர் ஒரே போடாகப் போட்டுவிட்டார்: "அது ஸ்கீக்காரர்கள் ஊர். அங்கே போர்டு கொண்டுபோவது காசைக் கரியாக்கும் வேலை." உண்மையா, அல்லது அவர்களுடைய வழக்கமான தலைக்கனமா?

பிப்ரவரி 3, காலை

தலைக்கனம்தான். தைரியமாகப் போங்கள்.

நான் இரண்டு குளிர்காலம் அங்கே போர்டோடு போனவன். முதல் தடவை உங்களைவிட ஒரு நாள்தான் கூடுதல் பழக்கம். யாரும் என்னைத் துரத்தவில்லை. சொல்லப்போனால் ஊருக்குள் நம் ஆட்கள்தான் ராஜா. பெட்ரோல், டீசல் கார்களுக்கு அனுமதி கிடையாது. காரில் வருபவர்கள் பக்கத்து ஊரான டேஷில் நிறுத்திவிட்டுப் பன்னிரண்டு நிமிடம் ரயிலில் வர வேண்டும். ஊருக்குள் சின்ன மின்சார வண்டிகள் உண்டு என்றாலும் பாதி நேரம் நடைதான். ஸ்கீ பூட்ஸ் போட்டவர்கள் தகர பொம்மைபோல டக் டக்கென்று நடப்பார்கள். நம் பூட்ஸ் மெத்து. கையில் காப்பியோடு சாவகாசமாக நடக்கலாம்.

பிப்ரவரி 3, இரவு

காலையில் எழுதியதை இப்போது படித்தால் சுற்றுலா விளம்பரம்போல இருக்கிறது. ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். டி-பார்.

அதாவது, தலைகீழாகத் தொங்கும் 'டி' எழுத்துபோல ஒரு கம்பி, மேலே ஓடும் வடத்தோடு இணைந்திருக்கும். ஸ்கீக்காரர்கள் அதைப் பின்புறம் கொடுத்து, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று, பேசிக்கொண்டே மேலே இழுபட்டுப் போவார்கள். அவர்களுக்குக் கால்கள் முன்னே பார்த்து நிற்கின்றன. நமக்குப் பக்கவாட்டில். பின் காலைக் கழற்றிவிட்டுப் பலகைமேல் சும்மா வைத்துக்கொண்டு, கம்பியின் ஒரு பக்கத்தை இரண்டு தொடைகளுக்கும் நடுவே விட்டு, அது முன் தொடையின் உட்புறத்தை இழுக்க விட வேண்டும். அரை நிமிடம் சரி. ஐந்து நிமிடம் என்றால் தொடை கதறும்.

ஜெர்மாட்டின் உச்சியில், தியோடுல் பனியாற்றின்மேல், இந்த டி-பார்கள் இருக்கின்றன. காரணம் எளிது. பனியாறு மெல்ல நகரும், அதன்மேல் பெரிய கோபுரம் நட்டு நாற்காலி லிஃப்ட் போடுவது பெரும்பாடு. நான் முதல் நாளே வீம்புக்கு அதில் ஏறினேன். பாதி வழியில் பலகை ஒரு தடத்தில் மாட்டிக் குறுக்கே திரும்பியது. கம்பி போய்விட்டது, நான் தடத்தின் நடுவே கிடக்கிறேன். பின்னால் வரும் ஜோடி ஜெர்மனில் எதையோ கத்துகிறது. உருண்டு விலகினேன். அவர்கள் போன பிறகு அடுத்த ஜோடி. அதற்கும் அடுத்தது. ஒவ்வொரு ஜோடியும் என்னைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனது. அவர்களில் ஒரு சிறுமிக்கு ஏழு வயது இருந்தால் அதிகம்.

பிப்ரவரி 4

"டி-பார் வேண்டாம் என்றால் மேலே போக வேறு வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக உண்டு. ஊரிலிருந்து கோண்டோலா, கேபிள் கார் என்று மாறி மாறி 3,883 மீட்டர் வரை உட்கார்ந்தும் நின்றும் போய்விடலாம். ஐரோப்பாவிலேயே உயரமான கேபிள் கார் நிலையம் அதுதான். இறங்கி, பாறைக்குள் குடைந்த சுரங்கப் பாதையில் நடந்து வெளியே வந்தால் பனி. அந்த நடையிலேயே மூச்சு வாங்கும். கடல்மட்டக் காற்றழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்குகூட அங்கே இல்லை.

ஆனால் முதல் நாள் அங்கே போகாதீர்கள். கோர்னர்கிராட் ரயிலைப் பிடியுங்கள். 1898-இல் திறந்த மின்சாரப் பற்சக்கர ரயில், ஊர் நடுவிலிருந்தே கிளம்பும். ரிஃபல்பெர்க்கில் இறங்கினால் 2,582 மீட்டர், அகலமான நீலச் சரிவுகள், அதாவது எளிதானவை.

ரயிலில் என்ன விசேஷம் என்றால், இறங்கும்போது விழ மாட்டீர்கள். சிரிக்காதீர்கள். ஸ்னோபோர்டு கற்பவன் விழுவதில் பாதி நாற்காலி லிஃப்டிலிருந்து இறங்கும் அந்தப் பத்து மீட்டரில்தான். பின் கால் கட்டாமல் இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்தவர் தோளால் உரசுவார், எதிரே ஒரு சின்ன இறக்கம். அவ்வளவுதான், மூன்று பேர் ஒரு குவியல். ரயிலில் கதவு திறக்கும், போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மனிதனாக இறங்கலாம். முதல் இரண்டு நாள் இந்த மரியாதை மனசுக்கு ரொம்ப முக்கியம்.

பிப்ரவரி 4, சற்று நேரம் கழித்து

சுன்னெகாவை விட்டுவிட்டேன். மலைக்குள்ளேயே ஏறும் ரயில், சில நிமிடங்களில் 2,288 மீட்டர். பக்கத்தில் லைசே ஏரிக்கரையில் கற்போருக்கென்றே ஓர் இடம், ஆளை மேலே ஏற்றும் நகரும் கம்பளமெல்லாம் உண்டு. சுற்றிலும் நாலு வயதுக் குழந்தைகள் இருப்பார்கள். வெட்கத்தை விட்டால் அருமையான இடம்.

பிப்ரவரி 6

இன்னொருவர் வந்து "உயர்ரகத் தலங்கள் எல்லாமே ஸ்னோபோர்டை வெறுக்கும், தடையே இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார். அது அமெரிக்கக் கதை, ஆல்ப்ஸுக்கு இழுத்து வரக் கூடாது.

அமெரிக்காவில் மூன்று இடங்கள் போர்டை விடுவதில்லை. யூட்டாவில் ஆல்டாவும் டீர் வேலியும், வெர்மான்ட்டில் மேட் ரிவர் க்ளென். டாவோஸ் என்று நியூ மெக்சிகோவில் ஒன்று இருந்தது, 2008-இல் கதவைத் திறந்துவிட்டது. ஆல்டாமேல் போர்டுக்காரர்கள் சிலர் வழக்கே போட்டார்கள். மலை அரசு நிலம், அதில் எங்களுக்கு மட்டும் எப்படித் தடை என்று. நிலம் அரசுடையதாக இருந்தாலும் தடை போட்டது தனியார் நிறுவனத்தின் முடிவு, அரசின் செயல் அல்ல என்று சொல்லி 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது.

இவ்வளவுக்கும் இந்தப் பலகை பிறந்ததே அமெரிக்காவில்தான். 1965 கிறிஸ்துமஸ் அன்று மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் தன் மகள்களுக்காக இரண்டு ஸ்கீக்களைச் சேர்த்துக் கட்டினார். மனைவி அதற்கு 'ஸ்னர்ஃபர்' என்று பெயர் வைத்தார். 1998 நாகானோவில் ஒலிம்பிக் வரை வந்துவிட்டது. அதன் பிறகும் டீர் வேலி வாசலில் நிறுத்துகிறார்கள்.

ஸ்கீக்காரர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று மட்டும் எனக்கு நியாயமாகப் படுகிறது. குதிகால் விளிம்பில் திரும்பும்போது நம் முதுகுப் பக்கம் நமக்குத் தெரியாது. அந்தப் பக்கத்திலிருந்து வருபவருக்கு நாம் எப்போது பாய்வோம் என்பது புரியாது. சரிவில் நமக்குக் கீழே, முன்னால் போகிறவருக்குத்தான் முன்னுரிமை என்று சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பின் விதி இருக்கிறது, உண்மைதான். விதி உடைந்த காலை ஒட்டவைக்காது. தோளுக்கு மேலே ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். அப்புறம், குறுகலான இடத்தில் வழிமறித்துக் கும்பலாக உட்கார்ந்து பைண்டிங் (பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பட்டை) மாட்டாதீர்கள். அதற்குத் திட்டு வாங்கினால் நம் பக்கம் பேச நான் வர மாட்டேன்.

பிப்ரவரி 7

விபத்து நடந்தால் கூப்பிட வேண்டிய எண் பற்றித் தனியாக ஒருவருக்கு 1414 என்று சொல்லியிருந்தேன். அவர் இங்கே பொதுவில் திருத்தியிருக்கிறார், நன்றி. 1414 ரேகா மீட்பு சேவையின் எண். ஜெர்மாட் இருப்பது வாலே மாநிலத்தில். அங்கே கூப்பிட வேண்டியது 144. ஹெலிகாப்டர் வருவதென்றால் பெரும்பாலும் ஏர் ஜெர்மாட், 1968 முதல் இருக்கிற சேவை. போனில் 144-ஐப் போட்டு வையுங்கள்.

பிப்ரவரி 9

கேள்வி கேட்டவர் நேராகக் கேட்கிறார்: "சரி, நீங்கள் எங்கே அடிபட்டீர்கள்?"

செங்குத்துச் சரிவில் இல்லை. தட்டையில்.

மூன்றாம் நாள் பகல், ரிஃபல்பெர்க் பக்கம். நல்ல வெயில், நன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தேன், என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். சரிவு முடிந்து கிட்டத்தட்ட சமதளம். இனி என்ன என்று பலகையைத் தட்டையாக விட்டுவிட்டேன். அதுதான் தப்பு. ஸ்னோபோர்டு எப்போதும் ஏதாவது ஒரு விளிம்பில் கொஞ்சமாவது சாய்ந்திருக்க வேண்டும். தட்டையாக விட்டால், சின்ன மேடு ஒன்று வந்ததும் போகிற திசையைப் பார்த்திருக்கும் விளிம்பு பனியைக் கடித்துவிடும். கடித்த நொடியே பலகை நிற்கும், ஆள் நிற்க மாட்டான். வேகம்கூட இல்லை, சைக்கிள் வேகம். என்ன நடந்தது என்று தெரிவதற்குள் இரண்டு கையையும் விரித்து முன்னால் ஊன்றியாகிவிட்டது.

இடது மணிக்கட்டு. உடையவில்லை, சுளுக்கு. ஆனால் அன்றிரவு சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியவில்லை.

கற்றுக்குட்டி போர்டுக்காரர்களுக்கு அதிகம் போவது மணிக்கட்டுதான். மணிக்கட்டுக் காப்பு வாங்குங்கள், கையுறைக்கு உள்ளே போடுவது கிடைக்கும். விழும்போது விரல்களை மடக்கிவிடுங்கள், முன்கை முழுவதும் தரையில் படட்டும். பின்னால் விழுந்தால் கையை ஊன்றாமல், தாடையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு புட்டத்தில் உட்காருங்கள். ஹெல்மெட் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பிப்ரவரி 9, இரவு

அடிபட்ட மறுநாள் போர்டு இல்லாமல் ஊருக்குள் சுற்றினேன். மேட்டர்ஹார்ன் அருங்காட்சியகத்தில் ஓர் அறுந்த கயிறு வைத்திருக்கிறார்கள். 1865 ஜூலை 14 அன்று ஆங்கிலேய மலையேறி எட்வர்ட் விம்பரின் குழு முதன்முதலாக மேட்டர்ஹார்ன் சிகரத்தின் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கும்போது அறுந்தது. ஏழு பேர் ஏறினார்கள், மூன்று பேர்தான் திரும்பினார்கள். வழுக்கியது ஹாடோ, பத்தொன்பது வயது, குழுவிலேயே அனுபவம் குறைந்தவர். கயிறு பார்க்க மிகச் சன்னமாக இருக்கிறது. கட்டுப்போட்ட கையோடு அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

இதற்கும் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை. அல்லது கொஞ்சம் இருக்கிறதோ என்னவோ.

பிப்ரவரி 11

செர்வினியா போகலாமா என்று மூன்று பேர் கேட்டாகிவிட்டது. அது எல்லைக்கு அந்தப் பக்கம், இத்தாலியில் இருக்கும் ஸ்கீ ஊர். இரண்டு பக்கமும் சேர்த்து 360 கிலோமீட்டர் சரிவு என்று விளம்பரம் செய்கிறார்கள். பொய்யில்லை. உச்சியிலிருந்து வால்டூர்னான்ஷ் கிராமம் வரை ஒரே ஓட்டமாக 2,300 மீட்டருக்கு மேல் இறங்கலாம். அந்தப் பக்கத்துச் சரிவுகள் அகலம், சாய்வும் இதம். போர்டு கற்பவனுக்கு இத்தாலிப் பக்கம்தான் பிடிக்கும். காப்பியும் பாதி விலை.

சிக்கல் திரும்பி வருவதில். என் இரண்டாவது பயணம். மதியம் அங்கே காப்பி குடித்தேன், நன்றாக இருந்ததால் இன்னொன்று. வெளியே வந்தால் மேலே காற்று கிளம்பியிருந்தது. வடத்தில் ஒரு பெட்டி ஊஞ்சல்போல ஆடியதைப் பார்த்தேன். கடைசிச் சில பெட்டிகளில் ஒன்றில் இடித்துப் பிடித்து ஏறியதால் தப்பித்தேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பலருக்கு அன்று வழி அடைபட்டது. அப்படி அடைபட்டால் இரண்டே கதி. ஒன்று, அங்கேயே அறை எடுத்துத் தங்குவது. இல்லை, அவோஸ்தா, கிரேட் செயின்ட் பெர்னார்ட் சுரங்கம், மார்ட்டினி, விஸ்ப் என்று மலையையே சுற்றிக்கொண்டு டாக்சியில் சுமார் நாலு மணி நேரம். கட்டணம் கேட்டால் மணிக்கட்டு வலி மறந்துபோகும்.

தப்பித்தேன் என்றேன், அதுவும் முழுசாக இல்லை. எல்லையில் இருக்கும் டெஸ்டா கிரிஜா என்ற மேட்டில் இறங்கி ஜெர்மாட் பக்கம் வரும் பனியாற்றுச் சரிவு இடையிடையே மேசைபோலத் தட்டை. எதிர்க்காற்று வேறு. ஸ்கீக்காரர்களுக்குக் கையில் இரண்டு குச்சி உண்டு, குத்தித் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். நமக்கு இரண்டு கையும் சும்மா தொங்கும். பின் காலைக் கழற்றி, ஒரு காலால் உந்தி உந்தி, அதுவும் முடியாமல் கடைசியில் போர்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். மணி நாலு. மேட்டர்ஹார்ன் மாலை வெளிச்சத்தில் பொன்னாக நிற்கிறது, எல்லோரும் படம் பிடிக்கிறார்கள், நான் மாடு மாதிரி நடக்கிறேன்.

பிப்ரவரி 12

"இப்போது எல்லையைக் கடக்கப் புதிதாகக் கேபிள் கார் வந்துவிட்டதே" என்று ஒருவர். ஆமாம், 2023 ஜூலையில் திறந்தார்கள். ஆனால் அது ஓடுவது டெஸ்டா கிரிஜாவுக்கும் 3,883 மீட்டர் நிலையத்துக்கும் இடையில். செர்வினியாவிலிருந்து டெஸ்டா கிரிஜாவுக்கு ஏறும் லிஃப்டே நின்றுவிட்டால் அது இருந்து என்ன பயன்? என் கணக்கு இதுதான்: பகல் ஒரு மணிக்கு மேல் இத்தாலியில் கால் வைத்திருக்காதே.

அடையாள அட்டை, பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். இரண்டு நாடும் எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதிதான், வழியில் யாரும் முத்திரை குத்துவதில்லை, ஆனால் கேட்டால் காட்ட வேண்டும். இன்னொன்று, இத்தாலியச் சரிவுகளில் 2022 முதல் பொறுப்புக் காப்பீடு கட்டாயம். நீங்கள் யார்மேலாவது மோதினால் அவர்களுக்கு இழப்பீடு தருவதற்கான காப்பீடு.

பிப்ரவரி 14

உபகரணம். சுருக்கமாக.

பலகை: நட்டு நிறுத்தினால் தாடைக்கும் மூக்குக்கும் இடையில் வர வேண்டும். வளைந்து கொடுக்கும் மெத்தென்ற பலகையாகக் கேளுங்கள். வசதியான ஊர் என்பதால் கடைகளில் விலை உயர்ந்த விறைப்பான பலகையைத்தான் முன்னால் நீட்டுவார்கள். கற்பவனுக்கு அது முரட்டுக் குதிரை.

பூட்ஸ்: விரல் நுனி மெல்லத் தொட வேண்டும், குதிகால் மேலெழக் கூடாது. பாக்கி எல்லாவற்றிலும் கஞ்சத்தனம் செய்தாலும் இதில் செய்யாதீர்கள்.

பைண்டிங்: கடையை விட்டுக் கிளம்புமுன் பலகைமேல் ஏறி நின்று பாருங்கள். எனக்கு இடது கால் முன்னால். ஒரு கடையில் வலது கால் முன்னால் வருமாறு திருப்பிப் பொருத்திக் கொடுத்துவிட்டார்கள். அது தெரியாமல் அரை நாள் 'இன்று ஏன் எதுவுமே வரவில்லை' என்று என்னையே நொந்துகொண்டிருந்தேன். கடைக்காரர்மேல் பாதித் தப்பு. அரை நாளாகக் குனிந்து காலைப் பார்க்காதவன்மேல் மீதி.

மெழுகு: தட்டையான இடங்கள் இருக்கும் மலையில் அடிப்பக்கம் நன்றாக மெழுகு பூசியிருக்க வேண்டும். நான் தோளில் சுமந்த அன்று என் பலகையின் அடி வறண்டு வெளுத்துக் கிடந்தது. மெழுகு பூசியிருந்தால் பாதித் தூரமாவது வழுக்கியிருக்கும்.

பிப்ரவரி 15

இரண்டு வாரமாக எழுதியதை மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தேன். முதல் வரியில் தலைக்கனம் என்று சொன்னவன் நான். அதற்குக் கீழே எழுதியிருப்பதெல்லாம் உங்கள் நண்பர் கட்சிக்குச் சாட்சி.

சரி, ஒப்புக்கொள்கிறேன், அவர் பாதி சரி. இரண்டு நாட்டு லிஃப்டுகளுக்கும் செல்லும் சர்வதேசப் பாஸ் ஒரு நாளைக்கு நூறு பிராங்கை ஒட்டி வருகிறது. அதில் 360 கிலோமீட்டர் கிடைக்கிறது, உங்களால் இப்போது பயன்படுத்த முடிவது ஒரு மூலை. அந்த வகையில் காசு கரிதான். அந்த மூலை நல்ல மூலை என்பதுதான் அவருக்குத் தெரியாது. இருபது வருடமாக அவர் ரிஃபல்பெர்க்கில் இறங்கியே இருக்க மாட்டார், நேரே உச்சிக்குப் போகிற ஆள்.

என் யோசனை: ஆறு நாளுக்கும் சர்வதேசப் பாஸ் வேண்டாம், ஜெர்மாட் பக்கம் மட்டும் போதும். முதல் நாள் லைசே. இரண்டும் மூன்றும் ரிஃபல்பெர்க், ஒரு நாளாவது பயிற்சியாளரோடு. நாலாம் நாள் ஓய்வு, கால் தானாகவே கேட்கும். கடைசி இரண்டு நாளில் காற்று இல்லாத காலையாகப் பார்த்து இத்தாலிக்கு மட்டும் கூடுதல் கட்டணம் கட்டுங்கள், அதுவும் மனைவியோடு. தட்டையில் நீங்கள் நின்றுவிட்டால் அவர் குச்சியை நீட்டி இழுத்துவிடுவார். என் துணைவியார் அப்படி இழுத்திருக்கிறார். இன்றைக்கும் சாப்பாட்டு மேசையில் அந்தக் கதை வரும்.

பிப்ரவரி 16

"நண்பரும் குச்சி வைத்திருக்கிறாரே, அவர் இழுக்க மாட்டாரா?"

இழுப்பார். ஆனால் அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டுவார். மனைவி என்றால் வீட்டுக்குள்ளேயே போய்விடும்.

பிப்ரவரி 20

ஜெர்மாட் பக்கத்துப் பாஸ் பதிவு செய்துவிட்டதாகக் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். மணிக்கட்டுக் காப்பு மட்டும் "போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். போவதற்கு முன்னால் வாங்குங்கள் ஐயா. பொத்தான் போட ஆள் தேட வேண்டியிருக்கும்.